பாதிக்குக் கீழே சாம்பல்

முதலில் பல்லி என்றுதான் பிரேம்குமார் நினைத்தான். டியூப்லைட்டுக்குப் பின்னால் எப்போதும் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அண்ணாந்து பார்த்தான். இருந்தது. ஆனால் சத்தம் அங்கிருந்து வரவில்லை. டக். கொஞ்சம் இடைவெளி. பிறகு டக், டக். மேசைக்குக் கீழே, அவனுடைய முழங்காலுக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து, யாரோ பொறுமை இழந்து நகத்தால் தகரத்தைத் தட்டுவது போல அது வந்துகொண்டிருந்தது.

வேறொரு நாளாக இருந்தால் உடனே பெட்டியைத் திறந்திருப்பான். இன்றைக்கு உடம்பில் ஒன்றுமே மிச்சமில்லை. இரண்டு நாளாக வன்னியம்பட்டியில் ஒரு கல்யாணம். பெண் அழைப்பில் ஆரம்பித்து மறுவீடு வரை கேமராவும் கையுமாக நின்றதில் கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. சட்டையில் மண்டபத்துச் சாம்பிராணியும் சாம்பார் வாசமும் கலந்து அடித்தன. கண்ணை மூடினால் இமைக்கு உள்ளே பிளாஷ் வெளிச்சம் வெட்டியது. மனைவி ஜெயசித்ராவும் மகள் பொன்மணியும் காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டார்கள். அங்கே ஜெயசித்ராவின் அக்கா பேரனுக்கு ஞானஸ்நானம். அவனும் வருவதாகச் சொல்லியிருந்தான். போக முடியவில்லை. இருட்டுவதற்குள் அவர்கள் ராஜபாளையத்து வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்; அதற்கு முன்னால் ஒரு தூக்கம் போட்டுவிட வேண்டும் என்று பாயைக்கூட உதறிப் போட்டுவிட்டான். அப்போதுதான் பேச்சிமுத்து வந்தார்.

பேச்சிமுத்துவுக்குச் சொந்த ஊர் சுந்தரபாண்டியம். மழையில் நனைந்துகொண்டே வந்திருந்தார். தலையைத் துவட்டிய துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, வீட்டின் முன் அறையில் இருந்த அந்தச் சின்ன ஸ்டுடியோவில், பிரேம்குமாரின் முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி குருவம்மாள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. நாளைக்குக் காரியம். மாலை போட்டு மாட்ட ஒரு படம் இல்லை. கல்யாண ஆல்பம் டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஓட்டு வழியாக ஒழுகிய தண்ணீரில் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்தால் முகம் முகமாக உரிந்து வருகிறது என்றார். அந்தக் கல்யாணத்தைப் படம் எடுத்தது பிரேம்குமார்தான்.

"கம்ப்யூட்டர்ல கெடக்கும்லா அண்ணாச்சி?"

"கெடக்கும். நான் எடுத்த ஒரு படத்தையும் இதுவரைக்கும் அழிச்சதில்ல."

அது உண்மைதான். எல்லாமே அந்த ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தன. இன்னொரு டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஆடி மாதமும் நினைப்பான். ஆடியில்தான் கல்யாணம் இருக்காது, கைக்கு வேலை இருக்காது. ஒவ்வொரு ஆடியிலும் தூங்கிவிடுவான். அதற்கென்று வாங்கிய புது டிஸ்க் அட்டைப் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருந்தது.

பேச்சிமுத்துவின் கல்யாண போல்டரைத் திறக்கப் போனான். திறக்கவில்லை. மேலே பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்து, பாதியில் நின்றது. சுட்டி உறைந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். கறுப்புத் திரையில், டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும், வேண்டாம் என்றால் ஏதாவது பொத்தானை அழுத்து என்று வெள்ளை எழுத்து வந்தது. அழுத்தினான். உள்ளே போனபின் டிஸ்க்கே காணவில்லை. பெட்டியைத் திறந்தான். பஞ்சு மாதிரித் தூசியும், சூடான இரும்பின் வாசமும், அதற்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாசமும் வந்தன. மூடியே கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அது. கேபிளைக் கழற்றி வேறொன்று மாட்டினான். டிஸ்க் தெரிந்தது. மூச்சு விடுவதற்குள் மறைந்தது. டக், டக்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் விஜயபாண்டிக்குப் போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருந்தது. ஆனாலும் விஜயபாண்டி போனை எடுத்தான்.

"அண்ணே, அந்தச் சத்தம் எனக்கே கேக்குதே. சோதிக்கவான்னு கேட்டா விட்றாதீய. இருக்கிறதையும் தேய்ச்சுப் போட்டுரும். டிஸ்க்க வெளிய எடுத்து யு.எஸ்.பி.ல தனியா மாட்டுங்க. ஃபேன் காத்து அதும்மேல படணும். நான் ஒரு சாஃப்ட்வேர் அனுப்புதேன், அது படிக்க முடிஞ்சத மொதல்ல எடுத்துரும். படிக்க முடியாததுக்குப் பொறவு திரும்ப வரும்."

"எம்புட்டு நேரம் தாங்கும்?"

"அது யாருக்குத் தெரியும். எது முக்கியமோ அத மொதல்ல எடுத்துருங்க. நடுவுல மட்டும் நிறுத்திராதீய. நின்னுச்சுன்னா பொறவு சுத்தாது."

அவன் சொன்னபடியே பிரேம்குமார் செய்தான். டிஸ்க்கை வெளியே எடுத்து, மேசைமேல் ஒரு மரச் சட்டத்தில் வைத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினான். புது டிஸ்க்கைப் பிரித்து அருகில் மாட்டினான். எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்று சாஃப்ட்வேர் கேட்டது. வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு சின்ன போல்டர்: எதிர்வீட்டு மாரிச்சாமி கேட்டு எடுத்த அவருடைய வெள்ளை நாயின் படம். அடுத்து பேச்சிமுத்து கல்யாணம். அதற்கடுத்து 'வீடு' என்ற போல்டர். மற்றதெல்லாம் பிறகு. டிஸ்க் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது.

வெளியே மாரிச்சாமியின் நாய் குரைத்துக்கொண்டிருந்தது. பேச்சிமுத்து வந்ததிலிருந்தே குரைப்புதான்; ஆள் உள்ளே போன பிறகு மழையைப் பார்த்துக் குரைத்தது. தகரக் கூரையில் விழும் மழைச் சத்தமும், ஃபேனின் இரைச்சலும், பின்னால் பேச்சிமுத்து அடிக்கடி தொண்டையைச் செருமுவதும், இதற்கெல்லாம் நடுவில் அந்தக் குரைப்பும் சேர்ந்து அவனைத் தாலாட்டின. கண் சொக்கியது.

டக்.

குரைப்பு பாதியில் நின்றது. ஓய்ந்ததாகத் தோன்றவில்லை. பாதிச் சத்தத்தில், கத்தரித்த மாதிரி.

திரையில் நாயின் படம் வந்திருந்தது. தலை, கூர்மையான மூக்கு, பழுப்புக் கண், இளஞ்சிவப்புக் காது. கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. படத்தின் மீதி முழுவதும் ஒரே சாம்பல் நிறம். கெட்டுப்போன டிஸ்க்கில் இப்படி வரும் என்று அவனுக்குத் தெரியும். மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வரும்; எங்கே படிக்க முடியவில்லையோ அங்கிருந்து கீழே சாம்பலாகிவிடும்.

ஆனாலும் எழுந்து ஜன்னலுக்குப் போனான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை. மங்கிய வெளிச்சத்தில் எதிர்வீட்டு வாசலில் நாயின் வெள்ளைத் தலை தெரிந்தது. அசையாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. தலைக்குக் கீழே நனைந்த தார்ச்சாலையின் நிறம். சுவர் மறைக்கிறது என்று சொல்லிக்கொண்டான். இரண்டு நாளாகத் தூங்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தான்.

பேச்சிமுத்துவின் கல்யாணப் படங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்தன. குருவம்மாள் தனியாக நின்ற படங்கள் அப்பழுக்கில்லாமல் வந்தன. மஞ்சள் பூசிய முகம், மூக்குத்தி, வெட்கப்பட்டுக் கடித்த உதடு, கழுத்தில் ரோஜா மாலை. ஒரு புள்ளி குறையவில்லை.

"இந்தா, வந்துருச்சு பாருங்க" என்றான்.

பின்னாலிருந்து நாற்காலி கிரீச்சிட்டது. ஈரத் துண்டின் வாசம் பக்கத்தில் வந்தது.

"தாயி..." என்றார் பேச்சிமுத்து. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "எம்புட்டு தெளிவா இருக்கா. அண்ணாச்சி, அவ பல்லு தெரிய சிரிச்ச படம் ஒண்ணு உண்டு. நான் ஏதோ சொன்னேன், அதுக்குச் சிரிச்சா. அதத்தான் மாட்டணும்."

"இருங்க, அதுவும் வரும். உக்காருங்க."

அவர் போய் உட்கார்ந்தார். டிஸ்க்கின் முனகல் கட்டையானது. அடுத்து மாப்பிள்ளைப் படங்கள். பட்டு வேட்டி, தலைப்பாகை, புதிதாக வெட்டிய மீசை.

"நான் என்ன சொன்னேன்னா அண்ணாச்சி, இந்தப் போட்டோகாரர் தலையில ஒரு பூவு ஒட்டி இரு"

டக்.

மழை பெய்தது. ஃபேன் சுற்றியது. பேச்சிமுத்து சொல்லி முடிக்கவில்லை.

திரையில் மாப்பிள்ளை. தலைப்பாகை, நெற்றி, புருவம், கண்கள், மூக்கு. மூக்குக்குக் கீழே சாம்பல். அடுத்த படம். மூக்குக்குக் கீழே சாம்பல். அடுத்தது. அடுத்தது. எல்லாமே ஒரே இடத்தில், அடிக்கோல் வைத்து வெட்டியது மாதிரி.

பிரேம்குமார் திரும்பவில்லை. பின்னால் ஒருவர் மூக்கால் மட்டும் மூச்சு விடும் சத்தம் கேட்டது. வேகமாக. ஓடி வந்தவரைப் போல. செருமல் இல்லை. வாயைத் திறந்து ஒரு சத்தம் இல்லை.

"அண்ணாச்சி?" என்றான் திரையைப் பார்த்தபடியே. "பேச்சிமுத்து அண்ணாச்சி?"

நாற்காலி சாய்ந்து விழுந்தது. அப்போதுதான் திரும்பினான். பேச்சிமுத்து எழுந்து நின்றார். துண்டை இரண்டு கையாலும் வாயோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார், வாந்தி வரும்போது பிடிப்பது போல. துண்டுக்கு மேலே கண்கள் இரண்டும் விரிந்து, நீர் வழிந்து, எதையோ கேட்டுக்கொண்டிருந்தன. ஒரு கையை எடுத்துத் திரையைக் காட்டினார். தன்னைக் காட்டினார். மறுபடி திரையைக் காட்டினார். பிறகு திரும்பி, கதவில் மோதிக்கொண்டு மழைக்குள் ஓடினார். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

துக்கம், என்று பிரேம்குமார் சொல்லிக்கொண்டான். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதர். அழுகையை அடக்கத்தான் துண்டு. சொல்லச் சொல்ல அந்த வார்த்தைகள் அவனுக்கே ஒட்டவில்லை. விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைக்கக் குனிந்தவன் அப்படியே நின்றான். முதுகுக்குப் பின்னால் டிஸ்க்கின் முனகல் மாறியிருந்தது. சீராக, சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

'வீடு' போல்டரை எடுக்கத் தொடங்கியிருந்தது.

பொன்மணி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் எடுத்த படம். முழுசாக வந்தது. முதல் பிறந்தநாள். முழுசாக. சர்ச் வாசலில் குட்டிக் கவுனோடு. முழுசாக. படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து வந்து போயின. ஒயரைப் பிடுங்கிவிடக் கை போனது. நின்னுச்சுன்னா பொறவு சுத்தாது. நின்றுவிட்டால் இன்னும் எடுக்காத படங்கள் என்ன ஆகும்? பாதிப் படத்துக்கு அப்படியென்றால், படமே இல்லையென்றால்? கையை இழுத்துக்கொண்டான். இந்த யோசனையெல்லாம் தூக்கமில்லாத மூளையின் கிறுக்கு என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்க, அதே கை ஜெயசித்ராவின் நம்பரைப் போட்டது.

"பஸ் ஏறிட்டோம்ங்க" என்றாள். பின்னால் இன்ஜின் இரைச்சல். "மழைக்கு ஷட்டர இறக்கிவிட்டு உள்ள ஒரே இருட்டு. நல்லவேளை, ஒக்கார எடம் கெடச்சுது. சாப்ட்டீங்களா?"

"பொன்மணி எங்க?"

"இந்தா, பக்கத்துலதான் இருக்கா. என்ன கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"அவகிட்டக் குடு."

"அப்பா!" அந்தக் குரலைக் கேட்டதும் அவன் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. "அப்பா, நீங்க வரவே இல்ல, போங்க. பாப்பா தண்ணி ஊத்தும்போது அழவே இல்ல, கொட்டாவி விட்டுச்சு. பெரியம்மா பால்கோவா தந்தாங்க. நான் ஒங்களுக்குன்னு கொஞ்சம் எடுத்து வச்சிரு"

டக்.

"பொன்மணி?"

இன்ஜின் இரைச்சல். யாரோ எங்கோ இருமுவது. போன் எதன்மேலோ விழும் சத்தம்.

"பொன்மணி!"

"ஏங்க, போனக் கீழ போட்டுட்டா" என்றாள் ஜெயசித்ரா. "தூக்கம் போலருக்கு. மூஞ்சிய எம் மடியில பொதச்சிக்கிட்டா. கைய மட்டும் இறுக்கிப் பிடிச்சிருக்கா பாருங்க, நகம் குத்துது. ஏட்டி, மெதுவாப் பிடி. சரிங்க, எறங்கிட்டு ஆட்டோல வாரோம்."

தொடர்பு அறுந்தது.

திரையில் பள்ளிக்கூட அடையாள அட்டைக்காகப் போன வாரம் இதே அறையில் எடுத்த படம். வெள்ளைத் துணிக்கு முன்னால் பொன்மணி. நடு வகிடு, வகிட்டின் இரு பக்கமும் படிய வாரிய முடி, நெற்றியின் ஒரு விரற்கடை. அதற்குக் கீழே சாம்பல். படத்தின் மேல் ஒரு கட்டம் வந்து நின்றது. படிக்க முடியவில்லை. மறுபடி முயலவா, விட்டுவிட்டுப் போகவா, நிறுத்தவா?

மறுபடி முயல், என்று அழுத்தினான்.

டிஸ்க் இழுத்தது. ஏறியது. தட்டியது. நெற்றியில் இன்னொரு கோடு வந்தது. ஒரு நூல் அளவு. உயிருள்ள தோலின் நிறம்.

மறுபடி. இன்னொரு நூல். பொட்டில்லாத நெற்றி முழுவதும் வந்தது.

டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தான். கொதித்தது. ஃபேனை இன்னும் கிட்டே தள்ளினான். கேபிளை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டான். மறுபடி. புருவம். மறுபடி. ஒன்றும் வரவில்லை. மறுபடி. ஒன்றும் இல்லை. "ஆண்டவரே" என்றான். மறுபடி. இமை. மறுபடி.

கண்கள் வந்தன.

மின்சாரம் போனது. ஃபேன் நின்றது. டியூப்லைட் அணைந்தது. தெருவே இருண்டது. யு.பி.எஸ். பீப் பீப் என்று அலறத் தொடங்கியது. அதன் பேட்டரி பழசு. திரையின் வெளிச்சத்தில் மகளின் இரண்டு கண்களும் அவனைப் பார்த்தன. கீழே சாம்பல்.

மறுபடி. ஒன்றும் இல்லை.

கேபிளை விடாமல், வலது கையில் அட்டையை எடுத்து டிஸ்க்குக்கு விசிறினான். அட்டையை வைத்துவிட்டு அதே கையால் அழுத்தினான். மறுபடி. மறுபடி. வியர்வை கண்ணில் இறங்கியது. பீப் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. இன்னும் மூக்கு. இன்னும் வாய். அது போதும். வாய் வரைக்கும் போதும். மறுபடி.

டிஸ்க் ஒரு தரம் நீளமாக இழுத்தது. படத்தின் இடது ஓரத்திலிருந்து ஒரு வரிசை நகரத் தொடங்கியது. சின்னச் சின்னச் சதுரமாக. வெள்ளைத் துணி. காது. கன்னம். ஒரே ஒரு சதுரம்.

நின்றது.

முனகல் இறங்கிக்கொண்டே போய் ஓய்ந்தது. யு.பி.எஸ். அணைந்தது. திரை அணைந்தது. இருட்டில், மழையில், கேபிளைப் பிடித்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழக்கூட உடம்பில் தெம்பில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கேட் கொக்கி விழுந்தது.

"கதவத் திறங்க" ஜெயசித்ராவின் குரல். "கரண்டு இல்லயா? தூங்கிட்டீங்களா? கை கடுக்குது, இவள வாங்குங்க."

போய்க் கதவைத் திறந்தான். ஜெயசித்ரா ஒரு கையில் குடையும், தோளில் பையும், மறு தோளில் பொன்மணியுமாக நின்றாள். பிள்ளையின் தலையிலிருந்து முதுகு வரை ஒரு சால்வை போர்த்தியிருந்தது.

"பஸ்ஸுல இருந்து ஒரு வார்த்த பேச மாட்டேங்கா. பால்கோவா குடுத்தா மூஞ்சத் திருப்பிக்கிடுதா. நீங்க வரலன்னு கோவம் போல. பிடிங்க, நான் மெழுகுதிரி எடுத்துட்டு வாரேன்."

கைக்கு மாறியபோது பிள்ளை கனமாக, சூடாக, எப்போதும் போலவே இருந்தாள். கால்கள் அவன் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. ஜெயசித்ரா செருப்பை உதறிவிட்டு, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனாள். தீப்பெட்டியைத் தேடும் சத்தம் கேட்டது.

பிரேம்குமார் போனின் விளக்கைப் போட்டான். சால்வையின் நுனியைப் பிடித்துத் தூக்கினான்.

நடு வகிடு. படிய வாரிய முடி. நெற்றி. புருவம். இரண்டு கண்கள். கண்களுக்குக் கீழே, இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை, சாம்பல். காயம் இல்லை, இரத்தம் இல்லை, மேடு பள்ளம் இல்லை. கூரையிலிருந்து தெறித்த மழைத்துளி ஒன்று அதன்மேல் விழுந்தது. ஈரமாகவில்லை. வலது கன்னத்தில் மட்டும் ஒரே ஒரு சின்னச் சதுரம் தோலாக இருந்தது, பூனைமயிரோடு, சிவந்து.

அடுப்படியில் தீக்குச்சி உரசியது. மஞ்சள் வெளிச்சம் கூடத்துச் சுவரில் அசைந்து அசைந்து அவர்களை நோக்கி வந்தது.

பொன்மணி அவனை அடையாளம் கண்டுகொண்டாள். அவளுடைய கண்கள் மெல்லச் சுருங்கி, ஓரங்களில் கோடு விழுந்து, அப்பாவைப் பார்த்துச் சிரித்தன.